1,100 அடியில் ஹட்சன் ஆறு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் மகன் நியூ ஜெர்சியில் கணினித் துறையில் பணிபுரிகிறான். இரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் பயிற்சி பெற்று விமானி உரிமம் வாங்கியிருக்கிறான். சென்ற மாதம் நான்கு பேர் அமரும் சிறிய விமானத்தில் நியூயார்க் நகரை ஒட்டி ஓடும் ஆற்றின் மேல் பறந்து, அந்தக் காணொளியை எனக்கு அனுப்பினான். கட்டடங்கள் விமானத்தைவிட உயரமாக நிற்கின்றன. "தரையிலிருந்து யாரும் வழி சொல்லவில்லை அம்மா, நானேதான் பார்த்துப் போனேன்" என்று அவன் சொன்ன நாள்முதல் எனக்குச் சரியான உறக்கம் இல்லை. இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட செயல்தானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, காவேரிப்பட்டணம்

பதில்: அனுமதிக்கப்பட்டதுதான் அம்மா. தங்கள் மகன் விதியை மீறவில்லை. அவர் சொன்ன சொற்களே அந்தப் பாதையின் விதி. எப்படி என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நியூயார்க்கைச் சுற்றி ஜான் எஃப். கென்னடி, லகுவார்டியா, நெவார்க் என்று மூன்று பெரிய விமான நிலையங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. மூன்றிலும் இறங்கி ஏறும் பெரிய விமானங்களைக் காப்பதற்காக, அந்த நகரின் வான்வெளியை 7,000 அடி உயரம்வரை கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். கொலுப்படியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அதன் வடிவம்: விமான நிலையத்தின் அருகே தரையைத் தொட்டுக்கொண்டும், விலகிச் செல்லச் செல்லப் படிப்படியாக உயர்ந்தும் நிற்கும். தரையிலிருந்து வழி சொல்லும் கட்டுப்பாட்டாளர் வெளிப்படையாக அனுமதி தந்தாலன்றி எந்த விமானமும் அதற்குள் நுழையக் கூடாது.

அந்தக் கொலுப்படியில் ஹட்சன் ஆற்றின் மேல் மட்டும் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, சிறு விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். வடக்கே ஆல்பைன் என்னும் ஊரில் நிற்கும் வானொலிக் கோபுரத்தில் தொடங்கி, தெற்கே கடல்வாயிலில் உள்ள வெரசானோ பாலத்தில் முடியும் இந்த வழி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளம். அகலம் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை. உயரம் நீர்மட்டத்திலிருந்து 1,300 அடிக்குள். இந்த எல்லைக்குள் இருக்கும்வரை கட்டுப்பாட்டாளரின் அனுமதி தேவையில்லை. சிறு விமானம் இதைக் கடக்கப் பதின்மூன்று நிமிடம்போல ஆகும்.

காணொளியைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். விமானிகள் சொல்லும் உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது. நம் தருமபுரி நகரமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடி உயரத்தில் இருப்பதால், 1,300 அடி என்பது இங்கே மண்ணுக்குள் போய்விடும். ஹட்சனோ அந்த இடத்தில் கடலின் ஏற்றவற்றத்தோடு சேர்ந்து உயர்ந்து தாழும் ஆறு. ஆகவே 1,100 அடியில் பறப்பவருக்கும் தண்ணீருக்கும் இடையே முழு 1,100 அடி இருக்கிறது. 604 அடி உயரமான ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் கோபுரங்கள் அவருக்குக் கீழே ஏறக்குறைய 500 அடி தள்ளி நிற்கும். சுதந்திர தேவி சிலையின் தீப்பந்தம் 305 அடிதான். உயர்ந்து நிற்பவை கரையில் உள்ள சில கட்டடங்களே: புதிய உலக வர்த்தக மையம் 1,776 அடி, எம்பயர் ஸ்டேட் கட்டடம் அதன் கம்பத்தோடு சேர்த்து 1,454 அடி. தங்களை அச்சுறுத்தியது அந்தக் காட்சியாகத்தான் இருக்க வேண்டும்.

அமெரிக்க விதிப்படி, மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தின் மேல் பறப்பவர், 2,000 அடி ஆரத்துக்குள் உள்ள மிக உயரமான தடையைக் காட்டிலும் 1,000 அடி மேலே இருக்க வேண்டும். திறந்த நீர்ப்பரப்பின் மேல் பறக்கும்போது படகு, ஆள், கட்டுமானம் ஆகியவற்றிலிருந்து 500 அடி விலகியிருந்தால் போதும். ஆற்றைவிட்டு நகருக்குள் நகராமல் தண்ணீருக்கு மேலேயே செல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வயதுவந்த மகனைப் பற்றித் தாய் கவலைப்படக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் செய்தது துணிச்சல் விளையாட்டு அன்று என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

கேள்வி: கட்டுப்பாட்டாளர் இல்லாத இடத்தில் எதிரெதிரே வரும் விமானங்கள் மோதாமல் இருப்பது எப்படி? இதுவரை மோதல் நிகழ்ந்ததே இல்லையா?
— தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

பதில்: நிகழ்ந்திருக்கிறது. 2009 ஆகஸ்ட் 8, சனிக்கிழமை நண்பகல் நேரத்தில், மூன்று பேர் சென்ற பைப்பர் வகைச் சிறு விமானமும், இத்தாலியச் சுற்றுலாப் பயணிகள் ஐவரோடு கிளம்பியிருந்த ஹெலிகாப்டரும் ஹொபோகன் நகருக்கு அருகே ஆற்றின் மேல் மோதின. ஹெலிகாப்டர் விமானியையும் சேர்த்து ஒன்பது பேரும் உயிரிழந்தனர். பைப்பர் விமானி, தான் மாற வேண்டிய அலைவரிசை எண்ணைத் தவறாகத் திருப்பிச் சொன்னதும், அது திருத்தப்படாமல் போனதும், அது கிளம்பிய விமான நிலையத்தின் கட்டுப்பாட்டாளர் அந்த நேரத்தில் சொந்தத் தொலைபேசிப் பேச்சில் இருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. ஆனால் விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றோடு நிறுத்தவில்லை. கண்ணால் பார்த்து விலகுவது என்னும் முறைக்கே உள்ள எல்லையையும் அது சுட்டிக்காட்டியது.

இந்த எல்லையைத் தங்களைப் போன்ற தொழில்நுட்ப அறிவுள்ளவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் நெருங்கினால், வினாடிக்குச் சுமார் 100 மீட்டர் தூரம் கரைகிறது. ஒரு கிலோமீட்டர் தொலைவில் கண்ணில் பட்டால் கையில் இருப்பது பத்து வினாடி. அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. மோதும் தடத்தில் வரும் பொருள் நம் கண்ணாடியில் இடமோ வலமோ நகராது. ஒரே புள்ளியில் நின்று, மெல்ல மெல்லப் பெரிதாகும். மனிதக் கண் அசைவைத்தான் சட்டென்று பிடிக்கும். அசையாத புள்ளியை, அதுவும் ஆயிரம் சன்னல்கள் பின்னால் மின்னும்போது, கவனிக்காமல் விட்டுவிடும்.

அந்த விபத்துக்கு முன் பரிந்துரைகளாக மட்டும் இருந்தவை அதே ஆண்டு நவம்பரில் கட்டாய விதிகளாயின. வேகம் 140 நாட்டைத் தாண்டக் கூடாது. பகலானாலும் விளக்குகள் எரிய வேண்டும். நியூயார்க் பகுதிக்குரிய வரைபடம் விமானத்தில் இருக்க வேண்டும்; அதைப் படித்தறிந்திருக்கவும் வேண்டும். நிற்காமல் கடந்து செல்பவர்கள் 1,000 அடிக்கும் 1,300 அடிக்கும் இடைப்பட்ட அடுக்கில் செல்ல வேண்டும். சிலையைச் சுற்றிவருவது, ஹெலிகாப்டர் தளத்தில் இறங்குவது போன்ற உள்ளூர் வேலை உள்ளவர்கள் 1,000 அடிக்குக் கீழே இருக்க வேண்டும். தெற்கு நோக்கிச் செல்பவர் மேற்குக் கரையையும், வடக்கு நோக்கிச் செல்பவர் கிழக்குக் கரையையும் ஒட்டிச் செல்ல வேண்டும். அதாவது அவரவர் வலப்பக்கம். இவற்றோடு, குறிப்பிட்ட இடங்களைக் கடக்கும்போதெல்லாம் பொது அலைவரிசையில் தன்னை அறிவிக்க வேண்டும்.

தொப்பூர் கணவாயில் இரவில் லாரி ஓட்டியவர்களுக்கு இதன் பொருள் தெரியும். மேலிருந்து இறங்குபவரும் கீழிருந்து ஏறுபவரும் தத்தம் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், வளைவு தெரியுமுன்னே ஹாரன் அடிக்கிறார்கள், விளக்கை அணைப்பதில்லை. ஒருவர் தவறினாலும் மற்றவருடைய ஒழுங்கு அவரைக் காப்பாற்றும் அளவுக்கு அடுக்கடுக்காகப் பாதுகாப்பு வைக்க வேண்டும் என்பதுதான் அங்கும் இங்கும் ஒரே கணக்கு. கட்டுப்பாட்டாளர் இல்லை என்றால் கட்டுப்பாடே இல்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அங்கே அந்தப் பொறுப்பு முழுவதும் விமானியின் கண்ணுக்கும் வாய்க்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

2020 ஜனவரியிலிருந்து அப்பகுதியில் பறக்கும் விமானங்கள் தம் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பதும் விதியாகியிருக்கிறது. பக்கத்தில் வருபவரைக் கையிலுள்ள டேப்லெட் திரையிலேயே பார்க்கலாம். நல்ல உதவிதான். ஆனால் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர் சன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை என்பதால், அதை இரண்டாம் துணையாக மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பொது அலைவரிசையில் விமானிகள் என்னதான் பேசுவார்கள்? அந்தப் பாதையில் பறப்பதில் எது கடினம்?
— கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: பேச்சு மிகச் சுருக்கமானது. விமானத்தின் வகை, இருக்கும் இடம், செல்லும் திசை, உயரம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். "ஹட்சன் ட்ராஃபிக், வெள்ளை செஸ்னா, ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், சௌத்பவுண்ட், 1,100, ஹட்சன்." இதுதான் முழு அறிவிப்பு. அலைவரிசை 123.05. நிறத்தைச் சொல்வது விதியில் இல்லை. மற்றவர்கள் எளிதில் அடையாளம் காண்பதற்காகப் பலர் சேர்த்துக்கொள்வார்கள்.

வடக்கிலிருந்து தெற்காக அறிவிக்க வேண்டிய இடங்கள் ஆல்பைன் கோபுரம், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், இன்ட்ரெபிட், கடிகாரம், சுதந்திர தேவி சிலை, வெரசானோ பாலம். ஆல்பைன் கோபுரம் பண்பலை ஒலிபரப்பைக் கண்டறிந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1930களில் எழுப்பியது. நம் வீட்டு எஃப்.எம். வானொலிக்கும் அந்தக் கோபுரத்துக்கும் உறவு உண்டு என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. இன்ட்ரெபிட் என்பது அருங்காட்சியகமாக நிற்கும் பழைய விமானந்தாங்கிக் கப்பல்; அதன் அருகே ஒரு கான்கார்டு விமானமும் நிற்கிறது. கடிகாரம் என்பது ஜெர்சி சிட்டி கரையில் உள்ள, 50 அடி விட்டமுள்ள பெரிய கடிகாரம்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பாதையில் ஒரு பயிற்றுநரோடு பறக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இந்த ஆறு பெயர்களையும் பென்சிலால் ஒரு சிறு தாளில் எழுதி, தொடையில் கட்டிய பலகையில் செருகியிருந்தேன். ஆல்பைனை நெருங்குவதற்கு முன் பயிற்றுநர் பேசாமல் உயரமானியின் திருகைச் சுட்டிக்காட்டினார். உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டே உயரத்தைக் காட்டுவதால், அன்றைய அழுத்தத்தை அதில் பொருத்த வேண்டும். நான் ஹெக்டோபாஸ்கல் என்னும் அளவில் காற்றழுத்தம் வைத்துப் பழகியவன். அமெரிக்காவில் பாதரச அங்குலத்தில் வைக்க வேண்டும். அதில் பத்தில் ஓர் அங்குலம் பிசகினால் உயரம் ஏறக்குறைய 100 அடி பிசகிவிடும். 300 அடி மட்டுமே உள்ள அடுக்கில் 100 அடி என்பது மூன்றில் ஒரு பங்கு. அந்தக் குமிழைத் திருகும்போது முள் மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

தாங்கள் கேட்ட கடினம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. விமானத்தை ஓட்டுவது கடினமே அன்று. காற்று அமைதியாக இருக்கும் காலைவேளையில் செஸ்னா தானாகவே போய்க்கொண்டிருக்கும். ஒரு கை உயரத்தைக் காக்க, காது மற்றவர்களின் அறிவிப்பைக் கேட்டு "இன்ட்ரெபிட் அருகே வடக்கு நோக்கி 1,200 அடியில் ஒருவர்" என்று மனத்தில் படம் வரைய, கண் அந்தப் படத்தை வெளியே தேட, வாய் அடுத்த இடத்தில் தன் முறைக்குப் பேச, இத்தனையும் ஒருசேர நடக்க வேண்டும். அப்போது பார்த்து உலகின் மிக அழகிய நகரக்காட்சிகளுள் ஒன்று இடப்பக்கச் சன்னலில் விரிகிறது. தெற்கு நோக்கிச் செல்பவருக்கு மன்ஹாட்டன் ஆற்றுக்கு அப்பால் இடப்புறம், அதாவது விமானி அமரும் பக்கம் வருகிறது. கை தானாகக் கைபேசியை நாடும். படம் எடுக்க வேண்டுமானால் அதற்கென்று ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை நான் மாணவர்களிடம் அழுத்தமாகச் சொல்வதுண்டு. விமானி படம் எடுக்கக் கூடாது.

அலைவரிசை நெரிசலாக இருக்கும்போது பேச இடமே கிடைக்காது. அப்போது பதற்றத்தில் நீளமாகப் பேசுபவர்தான் மற்ற நால்வரின் அறிவிப்பை அடைத்துவிடுகிறார். பாலக்கோட்டில் இருந்தபடியே இதற்குப் பயிற்சி எடுக்கலாம்: வரைபடத்தை விரித்து வைத்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஆறு வினாடிக்குள் முடியும்படி அறிவிப்பை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இப்பாதைக்கென்றே இணையவழிப் பாடம் ஒன்றைக் கட்டணமின்றி வைத்திருக்கிறது, அதையும் படிக்கலாம்.

கேள்வி: ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறேன். லைஃப் ஜாக்கெட் போடாமல் ஒருவரையும் ஏற்றுவதில்லை. ஒற்றை எஞ்சின் விமானம் ஆற்றின் மேல் பறக்கும்போது எஞ்சின் நின்றுபோனால் அதில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?
— பரிசல் ஓட்டுநர், பென்னாகரம் வட்டம்

பதில்: தண்ணீரோடு வாழ்பவரின் கேள்வி இது. எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப்போல விழுந்துவிடாது; சறுக்கிக்கொண்டு இறங்கும். செஸ்னா 172 போன்ற விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் ஒன்பது அடிபோல முன்னே செல்லும். 1,100 அடியிலிருந்து மூன்று கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். அவ்வளவுதான் அவகாசம். இரு கரையிலும் இறங்கத் தக்க வெட்டவெளி அரிது என்பதால், பெரும்பாலும் ஆற்றிலேயே இறங்க வேண்டியிருக்கும். ஆகவே எங்கே படகுகள் இருக்கின்றன, காற்று எந்தப் பக்கம் என்பதைப் பறக்கும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும். படகுக்கு மிக நெருங்காமலும், அதிலுள்ளவர்கள் வந்து தூக்கும் தொலைவிலும் இறங்குவது நல்லது.

2009 ஜனவரி 15 அன்று இதே ஆற்றில் பெரிய ஏர்பஸ் விமானம் ஒன்று இறங்கியது தங்களுக்கு நினைவிருக்கலாம். லகுவார்டியாவிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் வாத்துக்கூட்டம் மோதி இரண்டு எஞ்சின்களும் செயலிழந்தன. விமானி சல்லன்பெர்கர் அதை ஆற்றில் இறக்கினார். 155 பேரும் உயிர் பிழைத்தனர். கடுங்குளிர் காலத்தில் அவர்கள் பிழைத்ததற்கு, அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடும் பயணிகள் படகுகள் சில நிமிடங்களில் வந்து சேர்ந்ததும் பெரிய காரணம். தங்கள் தொழிலைச் செய்பவர்கள்தாம் அன்று முதலில் வந்து கைகொடுத்தார்கள்.

லைஃப் ஜாக்கெட்டைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு உண்டு. பரிசலில் அணியும் பருத்த மிதவை உடையை விமானத்துக்குள் அணியக் கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்தால் அது ஆளைக் கூரையோடு ஒட்டி மிதக்க வைத்துவிடும். கதவு வழியே குனிந்து வெளியேற முடியாது. இடுப்பில் பை போலக் கட்டிக்கொண்டு, வெளியே வந்த பிறகு கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பும் வகையே சரியானது. தண்ணீரைத் தொடுமுன் கதவைச் சற்றே திறந்து வைப்பதும் பயிற்சியில் சொல்லித்தரப்படுகிறது.

கேள்வி: மே மாதம் மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி செல்கிறேன். விமானி உரிமம் இல்லாத நானும் அந்தப் பாதையில் பறக்க வழி உண்டா?
— வணிகர், கிருஷ்ணகிரி

பதில்: உண்டு. கால்ட்வெல், லிங்கன் பார்க் போன்ற ஊர்களில் உள்ள சிறு விமான நிலையங்களில் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. பயிற்றுநர் உடன் வர, அறிமுகப் பறப்பு ஒன்றுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். முறையான பயிற்சியில் சேர வேண்டுமென்றால் மட்டும் வெளிநாட்டவர் அந்நாட்டுப் பாதுகாப்பு அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். ஒரு வேண்டுகோள்: வலப்பக்க இருக்கை கிடைத்தால் வடக்கு நோக்கித் திரும்பும் பயணத்தில் நன்றாகப் பாருங்கள். அப்போது கிழக்குக் கரையை ஒட்டிப் பறப்பதால் மன்ஹாட்டன் உங்கள் தோளுக்கு அருகிலேயே வரும். அமெரிக்க அதிபர் வருகை, ஐ.நா. பொதுச்சபைக் கூட்டம் ஆகியவற்றுக்காகத் திடீரென வான்வழியை மூடுவதும் உண்டு. ஆகையால் கடைசி நாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: ஓசூர் பக்கத்தில் விமான ஓடுதளம் இருக்கும்போது, தென்பெண்ணை ஆற்றின் மேலோ காவிரியின் மேலோ நாமும் அப்படிப் பறக்க முடியாதா?
— விவசாயி, தேன்கனிக்கோட்டை

பதில்: பெலகொண்டப்பள்ளியில் உள்ள தனியார் ஓடுதளத்தைச் சொல்கிறீர்கள். பி-68 என்னும் இரட்டை எஞ்சின் சிறு விமானங்களைக் கட்டிய இடம் அது. ஆனால் நம் நாட்டில் விமானியே முடிவு செய்து கிளம்பிவிட முடியாது. பறப்புத் திட்டத்தைப் பதிவு செய்து, வான்பாதுகாப்பு அனுமதி எண்ணைப் பெற்ற பிறகே கிளம்ப வேண்டும். கண்ணால் பார்த்துப் பறக்கும் பறப்பு பொதுவாகச் சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் இடையே மட்டுமே. பெங்களூரு விமான நிலையங்களின் போக்குவரத்தும் நமக்கு மிக அருகில் இருக்கிறது.

ஒகேனக்கல் பக்கம் தாழப் பறப்பதை நான் விரும்பவில்லை. ஆறு அங்கே குறுகிய பாறைப் பிளவுக்குள் ஓடுகிறது. மலையிடுக்கில் காற்று திடீரென்று கீழே அழுத்தும். எஞ்சின் நின்றால் இறங்கத் தட்டையான இடமும் இல்லை. கரையோரக் காடு, யானைகள் நடமாடும் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். தங்கள் ஊர்ப்பக்கம் இரவில் யானை விரட்டுபவர்களுக்கு, மிரண்ட கூட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தென்பெண்ணை அப்படியன்று. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அது வருமானால் நம் தலைக்கு மேலும் ஒரு கொலுப்படி கவிழ்த்து வைக்கப்படும். அதை வரையும் நாளிலேயே, கெலவரப்பள்ளி அணையிலிருந்து கிருஷ்ணகிரி அணைவரை ஆற்றின் மேல் தாழ்ந்த உயரத்தில் ஒரு கீற்றை, எழுதப்பட்ட விதிகளோடும் தனி அலைவரிசையோடும் சிறு விமானங்களுக்கென ஒதுக்கிவிட வேண்டும் என்று இப்பகுதி மக்கள் கேட்கலாம். முழுவதையும் மூடிய பிறகு ஒரு பகுதியைத் திறக்கச் சொல்வது மிகக் கடினம். அறிவிப்பிடங்களுக்கு நமக்குப் பஞ்சமில்லை: கெலவரப்பள்ளி மதகு, தேசிய நெடுஞ்சாலைப் பாலம், கிருஷ்ணகிரி அணை.